‘5 நிமிடத்துக்கு முன்’: ஆப் பட்டியலில் நேரக்குறிப்பைச் சிக்கனமாகப் புதுப்பிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ‘இப்போது’, ‘5 நிமிடத்துக்கு முன்’, ‘நேற்று’ என்று நேரம் காட்டும் மொபைல் ஆப் எழுதுபவர்களுக்கான பக்கம் இது. எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சேர்வராயன் மலைக் காபி, மிளகு, சேலத்து ஜவ்வரிசி, மாம்பழம் இவற்றின் அன்றாட விலையை வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் பதிவிடும் ஓர் ஆப். ஏற்காட்டில் இருக்கும் தோட்டக்காரர் மிளகு விலையைப் பார்க்கிறார். பக்கத்தில் ‘இப்போது’ என்று இருக்கிறது. உண்மையில் அந்த விலை வந்து 40 நிமிடம் ஆகிவிட்டது, எழுத்து மட்டும் மாறவில்லை. அதை நம்பி அவர் சேலத்து லீ பஜாருக்கு மூட்டையை ஏற்றி அனுப்பினால் நஷ்டம் அவருக்குத்தான். நேரக்குறிப்பு பொய் சொல்லக் கூடாது. அதற்காக போனின் பேட்டரியைக் குடிக்கவும் கூடாது. இரண்டும் ஒருசேர முடியும்.

ஒரு நொடிக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பித்தால் என்ன? வேலை நடக்கிறதே?

நடக்கும். ஆனால் மணிக்கு 3,600 முறை நடக்கும், அதில் பெரும்பாலும் திரையில் ஓர் எழுத்துகூட மாறாது. ‘13 நிமிடத்துக்கு முன்’ என்ற எழுத்து 60 நொடிக்கு அப்படியேதான் இருக்கப்போகிறது. 59 முறை செய்த வேலை வீண்.

வீணாவது பேட்டரி மட்டும் அல்ல. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லிசெகண்டும் 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.33 மில்லிசெகண்டும்தான் கிடைக்கும். ஸ்க்ரோல் செய்துகொண்டிருக்கும்போது முழு வரியும் மறுபடி கட்டப்பட்டால், படம் ஏற்றுவது, விலையை வடிவமைப்பது, லேஅவுட் கணக்கு எல்லாம் அந்த நேரத்துக்குள் வந்து நெரிக்கும். பட்டியல் திக்குவது அதனால்தான். விரல் வைத்திருக்கும் வரியின் அழுத்த நிறம் பாதியில் மறைவதும், வரிகள் லேசாக மின்னுவதும் இதே காரணத்தால் வருபவை.

அப்படியானால் எப்போதுதான் புதுப்பிப்பது?

எழுத்து மாறும் கணத்தில். அந்தக் கணத்தை முன்கூட்டியே கணக்கிட முடியும். ஒரு விலை காலை 10:00:20-க்குப் பதிவானது, இப்போது 10:14:05 என்று வையுங்கள். வயது 13 நிமிடம் 45 நொடி. எழுத்து ‘13 நிமிடத்துக்கு முன்’. அது 14 ஆவது 10:14:20-க்கு. இன்னும் 15 நொடி, அதாவது 15,000 மில்லிசெகண்ட். சூத்திரமாகச் சொன்னால்: காத்திருக்க வேண்டிய நேரம் = 60,000 − (வயதை 60,000-ஆல் வகுத்தால் வரும் மீதி).

வரி வயதாக ஆக இந்த இடைவெளி நீளும். எங்கள் பரிந்துரை இந்தப் படிக்கட்டு: 60 நொடிக்குள் ‘இப்போது’, ஒரு மணி நேரம் வரை நிமிடம், 12 மணி நேரம் வரை மணி, அதன் பிறகு ‘இன்று காலை 6:10’ அல்லது ‘நேற்று மாலை 4:30’, அதற்கும் பழையதென்றால் தேதி. நிமிடப் படியில் உள்ள வரி நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். மணிப் படியில் உள்ளது மணிக்கு ஒருமுறை. ‘இன்று’, ‘நேற்று’ என்று நிற்பது நள்ளிரவில் மட்டும் மாறும். தேதியாகிவிட்ட வரி மாறவே மாறாது. திரையில் இருப்பவை எல்லாம் போன வாரத்து விலை என்றால் டைமரே தேவையில்லை.

திரையில் 8 வரி தெரிகிறது. வரிக்கு ஒரு டைமரா?

வேண்டாம். வரிக்கொரு டைமர் வைத்தால், வரி திரையை விட்டுப் போகும்போது அதை ரத்து செய்ய மறக்கும் ஆபத்து எப்போதும் இருக்கும். ரீசைக்ளர்வியூவில் (ஆண்ட்ராய்டின் பட்டியல் கருவி) அதே வியூஹோல்டர், அதாவது ஒரு வரியைத் தாங்கும் கூடு, வேறு வரிக்கு மறுபயன்பாடாகும். பழைய டைமர் உயிரோடிருந்தால் ஜவ்வரிசி வரியில் மிளகு வரியின் நேரம் வந்து உட்காரும்.

பட்டியல் முழுவதற்கும் ஒரே டைமர் போதும். திரையில் தெரியும் வரிகளில் மிக விரைவில் மாறப்போவது எது என்று பார்த்து, அதற்கு அலாரம் வையுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: 8 வரிகளும் வெவ்வேறு நொடியில் பதிவானவை, எனவே நிமிடத்துக்கு 8 முறை எழ வேண்டிவரும். மாம்பழ சீசனில் பதிவுகள் மளமளவென்று குவியும்போது இது உறைக்கும். தீர்வு எளிது. அடுத்த மாற்றம் எப்போது வந்தாலும் அதைக் கடிகாரத்தின் அடுத்த முழு நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். எல்லா வரிகளும் 10:15:00-க்குச் சேர்ந்தே மாறும். மணிக்கு அதிகபட்சம் 60 விழிப்பு, அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்றையும் செய்தே ஆக வேண்டும்: ‘இப்போது மணி என்ன’ என்ற மதிப்பை டைமரிடம் ஒரே இடத்தில் வைத்து, எல்லா வரிகளும் அதையே கேட்க வேண்டும். ஒவ்வொரு வரியும் கட்டப்படும்போது தானாகப் போன் கடிகாரத்தைப் பார்த்தால், 10:14:00-க்குக் கட்டிய வரியும் 10:14:50-க்கு ஸ்க்ரோலில் வந்த வரியும் வேறு வேறு கணக்கில் நிற்கும். ஒரே வியாபாரி ஒரே கணத்தில் போட்ட இரண்டு விலைகள் மேலும் கீழுமாக 3 நிமிடம், 4 நிமிடம் என்று காட்டும். பயனர் கண்ணுக்கு இது உடனே தெரியும்.

முழு நிமிடத்துக்குத் தள்ளினால் துல்லியம் போகாதா?

கொஞ்சம் போகும். 10:14:01-க்கு வந்த விலை 10:15:00-க்கு 59 நொடி வயது, ஆகவே இன்னும் ‘இப்போது’. அடுத்த மாற்றம் 10:16:00-க்குத்தான். ஏறக்குறைய 2 நிமிடம் ‘இப்போது’ என்று நிற்கும். அரட்டை ஆப்புக்கு இது பொருட்டே இல்லை. விலை ஆப்பில் உறுத்தினால், பொது மதிப்பில் 30 நொடி கூட்டி வையுங்கள்: பிழை இரு பக்கமும் 30 நொடிக்குள் அடங்கிவிடும். இன்னும் கறாராக வேண்டும் என்றால் வரிவாரியான எல்லைக் கணக்குக்கே போகலாம், ஆனால் நிமிடத்துக்குப் பல விழிப்பு என்ற விலையைத் தெரிந்தே கொடுங்கள்.

60,000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்ப ஓடும் டைமர் போட்டால் போதாதா?

அது நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் சில மில்லிசெகண்ட் தாமதம் சேரும். மேலும் அது ஆப் திறந்த நொடியிலிருந்து எண்ணுமே தவிர, கடிகாரத்தின் நிமிடத்தோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு முறை எழும்போதும் அடுத்ததைப் புதிதாகக் கணக்கிடுங்கள்: 60,000-இலிருந்து, தற்போதைய நேரத்தை 60,000-ஆல் வகுத்த மீதியைக் கழித்து, மேலே 50 மில்லிசெகண்ட் கூட்டுங்கள். அந்த 50 எதற்கென்றால், டைமர் 3 மில்லிசெகண்ட் முன்பே எழுந்துவிட்டால் பழைய நிமிடத்தையே காட்டி, உடனே இன்னொரு முறை எழும்.

ஆண்ட்ராய்டு சிஸ்டமே நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஆக்‌ஷன் டைம் டிக்’ என்ற அறிவிப்பை அனுப்புகிறது. மேனிஃபெஸ்டில் எழுதினால் வராது, கோடில் பதிவு செய்தால்தான் வரும். அதைப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா வரியும் பழையதாகும்போது நிறுத்திவைக்கும் வசதி அதில் இல்லை என்பதால் சொந்த டைமரையே நாங்கள் விரும்புகிறோம்.

ரீசைக்ளர்வியூவில் எந்த அழைப்பைப் பயன்படுத்துவது?

‘நோட்டிஃபை டேட்டா செட் சேஞ்ச்ட்’ வேண்டவே வேண்டாம். எல்லா வரியும் முழுதாகக் கட்டப்படும். ‘நோட்டிஃபை ஐட்டம் ரேஞ்ச் சேஞ்ச்ட்’ அழைத்து, மூன்றாவது மதிப்பாக ஒரு பேலோடு (என்ன மாறியது என்று சொல்லும் குறிப்பு) கொடுங்கள். ‘நேரம் மட்டும்’ என்று பொருள்படும் ஒரு நிலையான பொருள் போதும். அடாப்டரில் பேலோடு வாங்கும் ‘ஆன் பைண்ட் வியூ ஹோல்டர்’ வடிவத்தை எழுதி, பேலோடு இருந்தால் நேர எழுத்தை மட்டும் மாற்றித் திரும்பிவிடுங்கள். பேலோடு இருந்தால் வழக்கமான அனிமேட்டர் அதே வியூஹோல்டரையே வைத்துக்கொள்ளும், ஆகவே வரி மின்னாது. பேலோடு காலியாக வந்தால் முழு பைண்ட், அதாவது வரியின் எல்லா விவரத்தையும் நிரப்புவது, செய்ய வேண்டும்: திரையில் ஒட்டியிராத வரிக்கு அனுப்பிய பேலோடு தொலைந்துபோகும், அது வந்தே தீரும் என்று எண்ணி எழுதாதீர்கள்.

நேர எழுத்தை மாற்றும் இடத்தில் ஒரு சோதனை அவசியம். டெக்ஸ்ட்வியூவுக்கு ஏற்கெனவே இருக்கும் அதே எழுத்தைக் கொடுத்தாலும் அது மறுபடி வரையும், சில சமயம் லேஅவுட்டும் கேட்கும். பழைய எழுத்தோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

அடுத்தது, மாடலில் ‘5 நிமிடத்துக்கு முன்’ என்ற எழுத்தை வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு நிமிடமும் எல்லா வரியும் ‘மாறிவிட்டது’ என்று டிஃப்யூட்டில் (பழைய, புதிய பட்டியல்களை ஒப்பிடும் கருவி) நினைக்கும். பதிவான நேரம் எண்ணாக இருக்கட்டும். எழுத்து, திரையில் காட்டும் கடைசி நொடியில் பிறக்கட்டும்.

தெரியும் வரிகளை மட்டும் நேரடியாக மாற்றுகிறோம். ஆனால் கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி கீழே இறக்கினால் ஒன்றிரண்டு வரி பழைய நேரத்தைக் காட்டுகிறது. ஏன்?

திரையை விட்டு இப்போதுதான் வெளியேறிய வரிகளில் இரண்டை ரீசைக்ளர்வியூ அப்படியே கையில் வைத்திருக்கும். இயல்பு அளவு 2. அவை திரும்பி வரும்போது பைண்ட் நடக்காது, எடுத்தபடியே வைக்கப்படும். நீங்கள் தெரியும் வரிகளை மட்டும் மாற்றியபோது இவை விடுபட்டுவிட்டன. ஸ்க்ரோலுக்கு முன்பே தயாராகும் அடுத்த வரிக்கும் இதே கதிதான்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, முழு நீளத்துக்கும் பேலோடு அறிவிப்பு அனுப்புவது. 500 வரி இருந்தாலும் வேலை நடப்பது ஒட்டியிருப்பவற்றுக்கும் கையிருப்பில் உள்ளவற்றுக்கும்தான், பயப்பட வேண்டாம். மற்றது, ‘ஆன் வியூ அட்டாச்ட் டு விண்டோ’ வரும் இடத்தில் நேர எழுத்தை ஒருமுறை சரிபார்ப்பது. நேரடியாக மாற்றும் முறையில் இருப்பவர்கள் இரண்டாவதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

ஜெட்பேக் கம்போஸ், ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர், ஐஓஎஸ் – இவற்றில்?

திரையைக் கட்டும் கருவி எதுவானாலும் கொள்கை ஒன்றுதான்: பொது ‘இப்போது’ மதிப்பை எவ்வளவு உள்ளே, எவ்வளவு சின்ன இடத்தில் படிக்கிறீர்களோ அவ்வளவு குறைவாக வேலை நடக்கும்.

கம்போஸில் திரையின் உச்சியில் அந்த மதிப்பைப் படித்து, வரிகளுக்கு எண்ணாக அனுப்பினால் ஒவ்வொரு வரியும் ரீகம்போஸ் ஆகும், அதாவது மறுபடி கட்டப்படும். ஸ்டேட்டையே கீழே அனுப்பி, நேரம் எழுதும் சிறு கம்போசபிளுக்குள் மட்டும் படியுங்கள். எழுத்தை ‘டிரைவ்ட் ஸ்டேட் ஆஃப்’ மூலம் பெற்றால், எழுத்து மாறாத வரி அசையவே அசையாது.

ரியாக்ட் நேட்டிவ்வில் ஃப்ளாட்லிஸ்ட்டின் ‘எக்ஸ்ட்ரா டேட்டா’வில் நேரத்தைத் திணிப்பவர்கள் அதிகம், ரெண்டர் முழுப் பட்டியலையும் தொட்டுத் திரும்பும். நேரத்துக்கென்று தனிச் சிறு காம்பொனென்ட் எழுதி, ரியாக்ட் 18-இல் வந்த ‘யூஸ் சிங்க் எக்ஸ்டர்னல் ஸ்டோர்’ வழியாகப் பொது டைமரைக் கேட்கச் செய்யுங்கள். அதன் ஸ்னாப்ஷாட் (அது படித்துத் தரும் மதிப்பு) எண்ணைத் தராமல் முடிவான எழுத்தையே தரட்டும். எழுத்து அதேதான் என்றால் ரெண்டர் நடக்காது.

ஃப்ளட்டரில் ஸ்க்ரீன் அளவில் ‘செட் ஸ்டேட்’ கூப்பிடாதீர்கள். ஒரு வேல்யூநோட்டிஃபையர், நேர டெக்ஸ்டைச் சுற்றி மட்டும் வேல்யூலிசனபிள்பில்டர். லிஸ்ட்வியூ பில்டர் தெரியும் பகுதியையும் அதற்கு அப்பால் 250 லாஜிக்கல் பிக்சலையும்தான் இயல்பாகக் கட்டிவைக்கும், எனவே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிலரே.

ஐஓஎஸ்ஸில் பலரைக் குழப்புவது, டைமரையும் தொடுதலையும் வரிசையாகக் கவனிக்கும் ரன்லூப். சாதாரணமாகப் போட்ட டைமர், பயனர் விரல் வைத்து ஸ்க்ரோல் செய்யும்போது ஓடாது. ‘காமன் மோட்’-இல் சேர்த்தால் ஓடும். நிமிட டைமருக்கு டாலரன்ஸ் (எவ்வளவு தாமதிக்கலாம் என்ற சலுகை) கொடுங்கள், இடைவெளியில் 10 சதவீதமாவது இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பொது அறிவுரை. சிஸ்டம் மற்ற விழிப்புகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளும். ஐஓஎஸ் 15 முதல் ‘ரீகான்ஃபிகர் ஐட்டம்ஸ்’ இருக்கிறது. ரீலோடு போலச் செல்லை மாற்றாமல், இருக்கும் செல்லையே திருத்தும். ஸ்விஃப்ட்யுஐ என்றால் அதே பதிப்பில் வந்த டைம்லைன்வியூ, வரிக்குள்ளே சின்னதாக.

ஆப் பின்னணிக்குப் போனால் டைமரை என்ன செய்வது?

நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கு வேலை எதற்கு? ஆண்ட்ராய்டில், திரை தெரியத் தொடங்கும் ‘ஆன் ஸ்டார்ட்’-இல் தொடங்கி, அது மறையும் ‘ஆன் ஸ்டாப்’-இல் நிறுத்துவது சரி. ‘ஆன் பாஸ்’-இல் நிறுத்தினால், ஆண்ட்ராய்டு 9 வரையிலான பழைய போன்களில் திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் வாட்ஸ்அப், மறுபக்கம் உங்கள் பட்டியல் என்று வைத்திருப்பவருக்கு நேரம் உறைந்துபோகும்.

திரும்பி வரும்போது வரிசை முக்கியம்: முதலில் பொது மதிப்பைப் புதுப்பித்து எழுத்துகளை மாற்றுங்கள், பிறகு அடுத்த விழிப்பைப் போடுங்கள். தலைகீழாகச் செய்தால், மதியம் திறந்தவர் ஒரு நிமிடம் வரை காலை எழுத்தையே பார்ப்பார். டைமரை ஓட்டும் ஆண்ட்ராய்டு ஹேண்ட்லரின் தாமதக் கணக்கு, போன் ஆழ்ந்து உறங்கும்போது நின்றுவிடும் கடிகாரத்தில் ஓடுகிறது. ‘டைமர் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிட முடியாது.

இப்போதுதான் போட்ட பதிவு ‘5 மணி நேரத்துக்கு முன்’ என்று வருகிறது!

இந்திய நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். படிக்கட்டு அரை மணியை வெட்டிவிடுவதால் ‘5 மணி நேரம்’ என்று தெரிகிறது. சர்வர் யுடிசி நேரத்தை, இறுதியில் ‘இசட்’ எழுத்தோ ‘+00:00’ என்பதோ இல்லாமல் அனுப்புகிறது. ஆப் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ஒரு கூடுதல் வலை உண்டு: தேதி மட்டும் இருந்தால் யுடிசி என்றும், தேதியும் மணியும் இருந்து மண்டலம் இல்லாவிட்டால் உள்ளூர் என்றும் எடுத்துக்கொள்ளும். சர்வரிலிருந்து, 1970 தொடக்கம் முதல் எண்ணிய மில்லிசெகண்ட் எண்ணாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மண்டலக் குறி கட்டாயம் என்று வையுங்கள். எண்ணாக அனுப்பும்போது நொடியா மில்லிசெகண்டா என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நொடியை மில்லிசெகண்டாகப் படித்தால் 2025-இல் போட்ட பதிவு 1970 ஜனவரி 21 என்று வரும்.

தலைகீழ்ப் பிழை இதைவிட மோசம். சர்வர் இந்திய நேரத்தை அனுப்பி ஆப் அதை யுடிசி என்று படித்தால், பதிவு எதிர்காலத்தில் இருக்கும். வயது எதிர்மறையானால் ‘இப்போது’ என்று காட்டு என எழுதியிருந்தால், ஐந்தரை மணி நேரம் அந்த விலை ‘இப்போது’ என்றே நிற்கும். யாருக்கும் சந்தேகம் வராது. எனவே அந்தச் சலுகை 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் எதிர்காலத்தில் இருந்தால் முழுத் தேதி, நேரத்தைக் காட்டி, லாகிலும் எழுதுங்கள்.

‘நேற்று’ எப்படிக் கணக்கிடுவது? காலை ஐந்தரைக்கு ‘இன்று’ எல்லாம் ‘நேற்று’ ஆகிறது.

மில்லிசெகண்டை 86,400,000-ஆல் வகுத்து நாள் எண் எடுத்திருக்கிறீர்கள். அது யுடிசி நாள். நம் ஊரில் விடியற்காலை 5:30-க்கு மாறும். நாள் எல்லைக்கு எப்போதும் காலண்டர் வகுப்பையும் நேர மண்டலத்தையும் பயன்படுத்துங்கள். மணி எல்லையிலும் இதே அரை மணி வந்து இடிக்கும்: 3,600,000-ஆல் வகுத்தால் நம் கடிகாரத்தில் 9:30, 10:30 என்று அரை மணியில் விழும். நிமிடத்துக்கு மட்டும் தொல்லை இல்லை.

24 மணி நேரம் கழிந்தால் ‘நேற்று’ என்பதும் தவறு. இரவு 11:50-க்குப் போட்ட விலையை 12:10-க்குப் பார்ப்பவருக்கு அது 20 நிமிடத்துக்கு முந்தையது. மறுநாள் மதியம் 1 மணிக்கு அது ‘நேற்று இரவு 11:50’. மேலே சொன்ன படிக்கட்டில் 12 மணி நேரம் வரை வயது, அதன் பிறகுதான் நாள்காட்டி என்று வைத்தது இதற்காகத்தான்.

நள்ளிரவு மாற்றத்தை டைமர் தவறவிட்டாலும் பிடிக்க, ஆண்ட்ராய்டில் தேதி மாற்ற, நேர மாற்ற, மண்டல மாற்ற அறிவிப்புகளையும், ஐஓஎஸ்ஸில் ‘சிக்னிஃபிகன்ட் டைம் சேஞ்ச்’ அறிவிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயனரின் போன் கடிகாரமே 10 நிமிடம் முன்னால் ஓடுகிறது. என்ன செய்வது?

சர்வர் பதிலின் தலைப்பில் நேரத்தைச் சொல்லும் ‘டேட்’ ஹெடரை நம்புங்கள். பதில் வந்த கணத்தில் அந்த நேரத்தையும், போன் பூட் ஆனதிலிருந்து உறக்கத்தையும் சேர்த்து எண்ணும் கடிகாரத்தின் மதிப்பையும் ஜோடியாக நினைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் அது ‘எலாப்ஸ்ட் ரியல்டைம்’. போய்வந்த நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ‘இப்போது’ = சர்வர் நேரம் + அந்தக் கடிகாரம் ஓடிய அளவு. பயனர் போன் நேரத்தை மாற்றினாலும் பட்டியல் கலங்காது.

எச்சரிக்கை மூன்று. அந்த ஹெடர் முழு நொடியில்தான் வரும். 2 நொடிக்குள் வித்தியாசம் என்றால் பழைய ஜோடியையே வைத்திருங்கள். கேஷிலிருந்து (போனில் சேமித்துவைத்த நகல்) வந்த பதிலின் ஹெடரும் பழையது, அதை எடுக்காதீர்கள். போன் ரீஸ்டார்ட் ஆனால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், எனவே ஜோடியை டிஸ்கில் சேமிக்க வேண்டாம். ஐஓஎஸ்ஸில் ‘சிஸ்டம் அப்டைம்’ உறக்கத்தில் நின்றுவிடும். ‘மாக் கன்டினியுவஸ் டைம்’ நிற்காது.

சர்வரே ‘2 நிமிடத்துக்கு முன்’ என்று தமிழில் எழுதி அனுப்பினால் ஆப்பில் வேலை மிச்சம்தானே?

கோரிமேட்டில் ஒருவர் பட்டியலைத் திறக்கிறார். பிறகு ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது; சிக்னல் விட்டு விட்டு வருகிறது. மேலே போய்ப் போனை எடுத்தால் கேஷில் இருக்கும் அதே ‘2 நிமிடத்துக்கு முன்’. சர்வர் எழுதிய வாக்கியத்துக்கு வயதாகாது. எண்ணை அனுப்பினால், சிக்னலே இல்லாமல் ஆப் ‘48 நிமிடத்துக்கு முன்’ என்று சரியாகச் சொல்லும்.

இதுபோன்ற இடங்களில் பட்டியலின் தலையில் ‘கடைசியாக வந்தது காலை 10:42’ என்று ஒரு வரியும் வையுங்கள். வரியின் வயது வேறு, பட்டியலைப் பெற்றதன் வயது வேறு. புதிய விலை எதுவும் வரவில்லையா, அல்லது நமக்கு வந்து சேரவில்லையா என்பதைப் பயனர் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

தமிழில் எழுத்து எப்படி இருக்க வேண்டும்?

எண்ணோடு சொல்லை ஒட்டவைக்கும் வேலையைக் கையால் செய்யாதீர்கள். யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற மொழித் தரவில் தமிழுக்கு ஒருமை, மற்றவை என்று இரண்டு வடிவம் இருக்கிறது; ஆண்ட்ராய்டு 7 முதல் உள்ள ஐசியு என்ற மொழி நூலகமும் ஐஓஎஸ் 13 முதல் உள்ள ‘ரிலேட்டிவ் டேட் டைம் ஃபார்மேட்டர்’ வகுப்பும் அதிலிருந்தே எழுதும். ஃபார்மேட்டரை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி உருவாக்கினால் அதுவே பெரிய செலவு. ஃபார்மேட்டர் உங்கள் படிக்கட்டை அறியாது என்பதால் நிமிடமா, மணியா, நாளா என்ற முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

‘நிமிடங்களுக்கு முன்’ நீளமானது. சின்னத் திரையில் விலைக்குப் பக்கத்தில் ‘5 நிமி. முன்’ போதும். ‘நேற்று முன்தினம்’ என்பதைவிடத் தேதியே சுருக்கம், தெளிவும்கூட.

நேரம் மாறும்போது வரி லேசாகக் குதிக்கிறது.

அகலத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப விட்டிருப்பீர்கள். அப்போது எழுத்து மாறினால் டெக்ஸ்ட்வியூ லேஅவுட் கேட்கும், முழு வரியும் அளக்கப்படும். நிலையான அகலம், ஒரே வரி, நிலையான உயரம் கொடுத்தால் வரைவதோடு முடிந்துவிடும். உயரம் ஏன்? ‘10:42’ என்று எண் மட்டும் இருந்தால் ஒரு எழுத்துரு. ‘நேற்று’ என்றால் தமிழ் எழுத்துரு. ஆண்ட்ராய்டு 9 முதல் வரியின் உயரம் உண்மையில் பயன்பட்ட எழுத்துருவைப் பொறுத்து அமைவதால், இரண்டுக்கும் இடையே சில பிக்சல் வித்தியாசம் வரும். நீளமான தமிழ்ச் சொல்லை வைத்து அளந்து அகலம் முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் பார்த்துச் சரியென்று விட்டால் தமிழில் முனை வெட்டுப்படும்.

டாக்பேக் பயன்படுத்துவோருக்கு?

டாக்பேக் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி. நேரக்குறிப்பை லைவ் ரீஜியன் (மாறியதும் தானாகப் படிக்கப்படும் பகுதி) ஆக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை போன் தானாகப் பேசிக்கொண்டே இருக்கும். திரையில் ‘5 நிமி. முன்’ என்று சுருக்கியிருந்தால், படிக்கும் விளக்கத்தில் ‘5 நிமிடங்களுக்கு முன்’ என்று முழுதாகக் கொடுங்கள்.

நோட்டிஃபிகேஷனிலும் ஹோம் ஸ்க்ரீன் விட்ஜெட்டிலும்?

நோட்டிஃபிகேஷனில் பதிவான நேரத்தை ‘செட் வென்’ மூலம் கொடுத்துவிட்டால் வயதை சிஸ்டமே எழுதிப் புதுப்பிக்கும். விட்ஜெட்டின் தானியங்கிப் புதுப்பிப்பு 30 நிமிடத்துக்குக் குறைந்து நடக்காது, ஆகவே அங்கே ‘காலை 10:42’ என்று கடிகார நேரமே எழுதுங்கள்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்று எப்படிச் சோதிப்பது?

கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்தை உருவாக்கும் ஃபங்ஷனை இந்த வயதுகளுக்கு ஓட்டிப் பாருங்கள்: 0, 59 நொடி, 60 நொடி, 59 நிமிடம் 59 நொடி, 60 நிமிடம், 11 மணி 59 நிமிடம் 59 நொடி, 12 மணி நேரம், நள்ளிரவுக்கு ஒரு நொடி முன்னும் பின்னும், எதிர்காலத்தில் 1 நிமிடம், எதிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் ‘அடுத்து எப்போது மாறும்’ என்ற விடையையும் சேர்த்துச் சோதியுங்கள். அந்தக் கணத்துக்கு ஒரு மில்லிசெகண்ட் முன் பழைய எழுத்தும், அந்தக் கணத்தில் புதிய எழுத்தும் வர வேண்டும்.

பிறகு உண்மையான போன். விலை குறைந்த, பழைய போனாக இருக்கட்டும். சந்தையில் இருப்பவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான். பட்டியலைத் திறந்து, ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவி) வழியாக, வரைந்த ஃப்ரேம்களை எண்ணும் ‘ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ’ கணக்கை ரீசெட் செய்து, திரையைத் தொடாமல் 5 நிமிடம் வையுங்கள். திரை அணையாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அறிக்கை எடுத்து, வரையப்பட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். சரியாக இருந்தால் 5-ஐ ஒட்டி வரும், நொடிக்கு ஒருமுறை வரைந்தால் 300-ஐ ஒட்டும். ஆயிரக்கணக்கில் வந்தால் குற்றவாளி நேரக்குறிப்பு அல்ல; எங்கோ ஒரு லோடிங் சக்கரமோ அசையும் படமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு மறுபடி அளங்கள்.